காட்பாடியில் ஏன் இறங்குகிறோம்? பாதைச் சார்பு: ஓர் எளிய விளக்கம்

வேலூருக்கு முதன்முறையாக ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கும். போக வேண்டியது வேலூர். டிக்கெட்டில் இருப்பது காட்பாடி. இறங்கிய பிறகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆறேழு கிலோமீட்டர் போனால்தான் கோட்டை வரும், மருத்துவமனை வரும். கையில் ஸ்கேன் உறையும் தோளில் பையும், பக்கத்தில் நடக்க முடியாத தகப்பனாருமாக ஒருவர் பாகாயம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, “ஊர் அங்கே இருக்கும்போது ஸ்டேஷனை இங்கே கட்டியவர்களுக்கு அறிவு வேண்டாமா?” என்று கேட்டார். பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவருடைய களைப்பு நியாயமானது. ஆனால் கட்டியவர்களின் அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் ஊர்ச் சாலைகள், ரயில்கள், கணினிகள், தொழிற்சாலைகள் பற்றி நாம் அன்றாடம் சொல்லும் கருத்துகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, “எவனோ முட்டாள்தனமாகச் செய்துவிட்டான்.” மற்றொன்று, “இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்றால் அதுதான் சரியான வழியாக இருக்கும்.” இந்த இரண்டும் ஏன் தவறிப் போகின்றன என்பதைப் பொருளாதார அறிஞர்கள் ஒரு கருத்தைக் கொண்டு விளக்குகிறார்கள். தமிழில் அதைப் பாதைச் சார்பு என்கிறோம். ஆங்கிலத்தில் தேடிப் படிக்க விரும்புகிறவர்கள் ‘பாத் டிபெண்டன்ஸ்’ என்று தேடலாம்.

பெயர் கடினமாகத் தோன்றலாம். பொருள் நம் கழனிக்காட்டிலேயே இருக்கிறது. அறுவடை முடிந்த நிலத்தின் குறுக்கே ஒருவர் நடக்கிறார். நடுவில் ஒரு முள் புதர். அதைச் சுற்றிக்கொண்டு போகிறார். அடுத்து வருகிறவருக்கு அந்தக் காலடித் தடம் கண்ணில் படுகிறது. அவரும் அப்படியே வளைந்து போகிறார். ஒரு மாதத்தில் ஒற்றையடிப் பாதை உருவாகிவிடுகிறது. பிறகு யாரோ அந்தப் புதரை வெட்டி அடுப்புக்குக் கொண்டுபோய்விடுகிறார். பாதை மட்டும் வளைந்தே கிடக்கிறது. மாட்டு வண்டி அதிலேயே போகிறது. ஊராட்சி அதன்மேல் தார் போடுகிறது. வளைவை ஒட்டி மின்கம்பம் நடுகிறார்கள், குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள், ஒருவர் டீக்கடை வைக்கிறார், இன்னொருவர் வீடு கட்டுகிறார். ஐம்பது ஆண்டு கழித்து அந்த வளைவில் லாரியும் பைக்கும் மோதும்போது, “நேராகப் போட்டிருக்க வேண்டிய சாலையை ஏன் இப்படி வளைத்தார்கள்?” என்று கேட்கிறோம். வளைத்தது ஒரு முள் புதர். அது இன்று இல்லை. ஆனால் அதை நேராக்க வேண்டுமானால் இன்று ஒரு வீட்டையும் ஒரு கடையையும் ஆறு மின்கம்பங்களையும் பெயர்க்க வேண்டும்.

தொடக்கத்தில் எடுத்த ஒரு முடிவு அன்று சிறியதாக இருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். அதன்மேல் ஒவ்வொன்றாக மற்றவை ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. ஏறஏற, அதை மாற்றும் செலவு கூடுகிறது. கடைசியில் அதைவிட நல்ல வழி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்ப முடியாமல் போகிறது. இதுதான் பாதைச் சார்பு. எல்லாவற்றுக்கும் ஒரு பழங்கதை உண்டு என்று பொதுவாகச் சொல்வதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரணம் மறைந்த பிறகும் விளைவு தன்னைத்தானே தாங்கி நிற்பதுதான் இதன் தனித்தன்மை.

இனி காட்பாடிக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அன்று அந்த நிலையத்தின் பெயர் ஆற்காடு. அந்தத் தடம் போட்டவர்களின் இலக்கு வேலூர் அல்ல. மேற்குக் கடற்கரையில் கோழிக்கோட்டுக்கு அருகே இருக்கும் பேப்பூர் துறைமுகம். சென்னைக் கடலையும் அரபிக் கடலையும் இணைப்பதுதான் கனவு. வழியில் வேலூர் வந்தது, அவ்வளவுதான். ஊர் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது. தடம் வடகரையை ஒட்டிப் போகிறது. நேரே மேற்கு நோக்கிப் போகிறவர்கள் ஓர் ஊருக்குள் நுழைவதற்காக அவ்வளவு அகன்ற மணலாற்றின் மேல் பாலம் போடவில்லை என்பதில் வியக்க ஒன்றுமில்லை. அன்றைய கணக்கில் அது தவறான முடிவும் அல்ல. அப்போது மருத்துவமனையும் இல்லை, வெளி மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளும் இல்லை.

அதன்பிறகு நடந்ததைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாக மீட்டர் கேஜ் என்னும் குறுகிய ரயில் பாதை வந்தது. அது ஊரை ஒட்டி, இன்றைய வேலூர் கன்டோன்மென்ட் நிலையம் வழியாகவே வந்தது. ஆனால் அங்கேயே நின்றுவிட முடியாது. பெரிய தடம் காட்பாடியில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தால்தான் பலன். அப்படிச் சேர்ந்தது. காட்பாடி ஜங்ஷன் ஆயிற்று. ஜங்ஷன் ஆனதால் அங்கே அதிக ரயில்கள் நின்றன. அதிக ரயில்கள் நின்றதால் பஸ்கள் அங்கிருந்து புறப்பட்டன. இன்றும் 1, 2 எண் டவுன் பஸ்கள் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடுகின்றன. 1984இல் ஒரு பொறியியல் கல்லூரி காட்பாடிப் பக்கம் தொடங்கப்பட்டு, இன்று விஐடி பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. காட்பாடி இப்போது வேலூர் மாநகராட்சிக்குள்ளேயே இருக்கிறது. ஊர் நாலாபுறமும் வட்டமாகப் பரவாமல், காட்பாடி, விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், புதிய பேருந்து நிலையம், கிரீன் சர்க்கிள், கோட்டை, தொரப்பாடி, பாகாயம் என்று தெற்கு வடக்காக நீண்ட ஒரே கயிறு போலக் கிடக்கிறது. மாலையில் கிரீன் சர்க்கிளில் வண்டிகள் தேங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், 1850களில் யாரோ வரைபடத்தில் ஆற்றுக்கு வடக்கே இழுத்த அந்த ஒற்றைக் கோட்டினை நான் நினைத்துக்கொள்வேன்.

ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்தவர்கள் முன்னால் இருந்தவை இரண்டே வழிகள்தாம்: இருப்பதை இடம் மாற்றுவது, அல்லது இருப்பதோடு ஒன்றைச் சேர்ப்பது. சேர்ப்பதுதான் எப்போதும் மலிவாக இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நல்ல முடிவுகள். மொத்தமாகப் பார்த்தால் யாருமே விரும்பிக் கேட்காத ஓர் ஏற்பாடு. எனவே பஸ்ஸில் அந்தப் பயணி தேடிய முட்டாள் எங்கும் இல்லை.

பாதைச் சார்பு எப்போதும் கேடுதான் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கும் வேலூரிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் ஐடா ஸ்கடர் 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு மருந்தகம் தொடங்கினார். ஏன் வேலூரில்? மிஷனரியாக இருந்த அவருடைய தந்தை இங்கே பணியாற்றினார், வீடு இங்கே இருந்தது. துறைமுகமோ தலைநகரமோ அல்லாத ஓர் ஊரில் அது தொடங்கியதற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. 1902இல் 40 படுக்கைகளோடு மருத்துவமனை வந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்ததால் கடினமான நோய்களோடு மக்கள் வந்தார்கள். கடினமான நோய்கள் வந்ததால் இன்னும் திறமையான மருத்துவர்கள் வந்தார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் இந்த மருத்துவமனையில்தான், அதாவது சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், நடந்தது. இப்படிப் பலன் பலனைப் பெருக்குவதைத்தான் இந்தக் கருத்தின் உயிர்நாடி என்று சொல்ல வேண்டும். இன்று மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் விடுதிப் பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. மீன் குழம்பு வங்காளக் கைப்பக்குவத்தில் கிடைக்கிறது. வாடகை அறையிலேயே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் தருகிறார்கள். நாளைக்கு யாராவது இதே தரத்தில் இன்னொரு மருத்துவமனையை வேறோர் ஊரில் கட்டலாம். இந்த விடுதிகளையும் சமையலையும் மொழி தெரிந்த ஆட்டோக்காரர்களையும் நூறு ஆண்டு நம்பிக்கையையும் கட்ட முடியாது.

அந்த நோயாளிகள் இறங்குவதும் காட்பாடியில்தான். ஆற்றுக்கு வடக்கே போன பழைய ரயில் தடமும், ஒரு மகள் தன் தந்தையின் ஊரில் போட்ட ஒற்றைப் படுக்கையும் சேர்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்ட ஊர் இது.

கட்டடங்களும் தண்டவாளங்களும் மட்டுமே இப்படி நிலைக்கின்றன என்று எண்ண வேண்டாம். பழக்கம் அவற்றைவிட உறுதியானது. 1957 ஏப்ரல் 1 அன்று இந்திய ரூபாய் நூறு காசுகளாக மாறியது. அணா சட்டப்படி போய்விட்டது. ஆனாலும் அதற்குப் பல பத்தாண்டுகள் பிறகு பிறந்த பிள்ளைகளும் 25 காசை நாலணா என்றும் 50 காசை எட்டணா என்றும்தான் சொன்னார்கள். 2011இல் 25 காசு நாணயமே செல்லாமல் போகும்வரை அணா நம் நாக்கில் வாழ்ந்தது. மீட்டர் அளவு நாடு முழுவதும் சட்டமாகி இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. சத்துவாச்சாரியில் மனை விலை கேட்டுப் பாருங்கள், சதுர அடியில்தான் பதில் வரும். கழனி விற்கிறவர் ஏக்கரும் சென்ட்டும் பேசுவார். பழைய பத்திரம் அந்த அளவில் இருக்கிறது, பக்கத்து நிலத்துக்காரர் அந்த அளவில் பேசுகிறார், தரகரின் மனக்கணக்கு அந்த அளவில் ஓடுகிறது. ஒருவர் மட்டும் மாறினால் அவருக்குத்தான் தொல்லை.

விசைப்பலகையின் கதையும் இதுவே. உங்கள் கைபேசியில் ஆங்கில எழுத்துகள் ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன? 1870களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தட்டச்சு இயந்திரத்துக்காக வகுத்த வரிசை அது. கண்ணாடித் திரையில் அடிப்பதற்கு எந்த இரும்புக் கம்பியும் இல்லை. வரிசை மட்டும் இருக்கிறது. பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்று அறிஞர் 1985இல் இந்த எடுத்துக்காட்டைக் கொண்டுதான் பாதைச் சார்பைப் பரவலாகப் பேச வைத்தார். அந்த வரிசை உண்மையிலேயே அவ்வளவு மோசமானதா என்று மறுத்து வாதிட்டவர்களும் உண்டு, அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. நமக்கு அதைவிட நெருக்கமான சான்று தமிழ்த் தட்டச்சு. தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இடக்கைப் பக்கம் உயிரெழுத்து, வலக்கைப் பக்கம் மெய். ‘க’வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ வந்துவிடும். தமிழின் இயல்பை அறிந்து செய்த அருமையான அமைப்பு. ஆயினும் பழைய தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற அச்சகக்காரர் தன் விரல் பழகிய பழைய வரிசையை விடுவதில்லை. இளைஞர்களோ வணக்கம் என்பதையே ஆங்கில எழுத்துகளைத் தட்டித்தான் கொண்டுவருகிறார்கள். சிறந்தது என்பதாலேயே ஒன்று வென்றுவிடாது. முன்னால் வந்தது விரலில் குடியேறிவிடும். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஆனால் பாதைச் சார்பு நம் வட ஆற்காட்டில் விட்டுச் சென்ற மிக ஆழமான வடு பாலாற்றில்தான் இருக்கிறது. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

தோல் பதனிடும் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றுப் படுகையில் வேரூன்றியது. தோலை ஊறவைக்கவும் கழுவவும் தண்ணீர் வேண்டும். பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். அது இந்த வறண்ட நிலத்தில் தானாக வளர்ந்தது. தோலை அனுப்ப ரயில் இருந்தது. பட்டையில் பதனிடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. அதில் வேலை மிக விரைவாக முடியும். தொழில் பெருகியது. காலணி நிறுவனங்கள் வந்தன. இன்றைக்கும் ஆம்பூர்ப் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்களுக்காகப் பெண்கள் சாலையோரம் சோற்றுப் பாத்திரத்தோடு நிற்பதைக் காணலாம். அந்தச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்.

கவனியுங்கள், இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் ஆவாரம் பட்டையும் ஆற்றுத் தண்ணீரும். பட்டையின் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆற்றில் தண்ணீர் ஓடும் நாள்களை விரல்விட்டு எண்ணலாம். முள் புதர் வெட்டப்பட்டுவிட்டது. பாதை அங்கேயே கிடக்கிறது. ஏனென்றால் கைத்திறன் அறிந்த தொழிலாளிகள் இங்கே இருக்கிறார்கள், தோல் வாங்கி விற்கும் மண்டிகள் இங்கே இருக்கின்றன, இயந்திரம் பழுதுபார்ப்பவரும் ரசாயனம் விற்பவரும் கடன் கொடுப்பவரும் இங்கே இருக்கிறார்கள். தனியாக ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை) வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்க முடியாது. கழிவோ, இருக்கும் இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கியது. கிணறுகள் உப்பாயின. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டேனரிகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் கூறிய ஓர் ஆய்வு அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. இன்று சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடெங்கும் நம் ஊரின் பெயரை அந்தத் தீர்ப்பின் தலைப்பில் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில், ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, பாலாற்று மாசைப் பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

“எல்லாவற்றையும் மூடிவிட வேண்டும்” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். “வேலைவாய்ப்பு வேண்டுமென்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரு தரப்பும் இதை இன்றைக்குப் புதிதாக எடுக்கும் ஒரே முடிவு போலப் பேசுகின்றன. நூறு ஆண்டு அடுக்கு அடியில் இருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைக்கூட டேனரிகள் ஏற்கெனவே இருந்த இடங்களுக்குப் பக்கத்தில்தான் கட்ட முடிந்தது. உப்பான கிணற்றுக்குச் சொந்தக்காரரான உழவர் இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஆனால் அதற்கான விலையை அவர்தான் கொடுத்தார். பாதைச் சார்பைப் பற்றிப் படிக்கும்போது யாருக்குப் பலன் பெருகியது, யார் தலையில் செலவு விழுந்தது என்ற இரண்டு கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படியானால் பாதையிலிருந்து வெளியேறவே முடியாதா? முடியும். விலை கொடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து மாற வேண்டும். சுவீடன் 1967 செப்டம்பர் 3 அன்று விடியற்காலையில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. நம் பக்கத்திலேயே ஒன்று நடந்திருக்கிறது. காட்பாடியில் 1,676 மில்லிமீட்டர் அகல ரயில் பாதையும் 1,000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜும் சந்தித்தன. ஒன்றில் ஓடும் பெட்டி மற்றொன்றில் ஓடாது. சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், பயணிகள் வண்டி மாற வேண்டும். நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் 1992இல் தொடங்கியது. வேலூர்–விழுப்புரம் தடத்தில் பணி முடிய 2010 வாக்கில் ஆயிற்று. நடுவில் பல ஆண்டுகள் அந்தத் தடத்தில் ரயிலே ஓடவில்லை. திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நம்பியிருந்தார்கள். மாறியது நல்லதுதான். நூறு ஆண்டுக்கு முன் எடுத்த ஓர் அகல முடிவைத் திருத்த எவ்வளவு காலமும் பணமும் மக்களின் பொறுமையும் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தின் வழியாகச் சென்னை–பெங்களூரு விரைவுச் சாலை போகிறது. நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாத சாலை அது. அதற்கென்று அமைத்த சந்திப்புகளில் மட்டுமே நுழையலாம். அந்தச் சந்திப்பு எந்த ஊருக்குப் பக்கத்தில் வருகிறதோ அங்கேதான் கிடங்கும் விடுதியும் மனைப்பிரிவும் வரும். எந்த ஊர் இரண்டாகப் பிளக்கப்படுகிறதோ அங்கே மாட்டை மேய்க்கப் போகிறவரும் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரைக்கும் சுற்றி நடக்க வேண்டும். ஏரிக்கு மழைநீர் வரும் கால்வாய் சாலைக்கு அடியில் எந்த அகலத்தில் போகிறது என்பது அந்த ஏரியின் தலையெழுத்து. இப்படி ஒரு சாலையோ ஆலையோ உங்கள் ஊருக்கு வரும்போது கிராம சபையில் இந்த மூன்றையும் கேளுங்கள்: நுழைவு எங்கே, கடக்கும் வழி எங்கே, நீர்க்கால் எங்கே. வரைபடம் மேசைமேல் இருக்கும் நாளில் அதை அழித்து வேறிடத்தில் வரைய ஒரு பென்சில் போதும்.